கார் நிறுத்தகம் கல்லூரியாக முடியுமா? அட்லாண்டாவின் கெல் ஹால் குறித்த கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரு பழைய கார் நிறுத்தகத்தை வாங்கிக் கல்லூரியாக மாற்றினார்கள், கார்களையே தாங்கிய கட்டடத்துக்கு மாணவர்கள் ஒரு சுமையா, அப்படியிருக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்ட அதை ஏன் இடித்தார்கள், இன்று பாதி காலியாகக் கிடக்கும் நிறுத்தகங்களையும் அதே வழியில் மாற்றலாமே. இதில் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, நிறுத்தகமாகக் கட்டப்பட்ட ஒன்று பள்ளியறையாக மாறும்போது எது தடையாகிறது என்பதே என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய கான்கிரீட் கட்டடங்களைச் சோதித்து, அவை வேறொரு பயனுக்குத் தாங்குமா என்று எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். கெல் ஹால் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் கட்டடத்தை நான் சோதித்தவன் அல்லன். ஆகவே அதன் வரலாறு குறித்து இங்கே சொல்வது பொதுவில் பதிவான செய்தி; கட்டமைப்பு குறித்துச் சொல்வது அக்காலத்துக் கட்டடங்களைப் பார்த்த பழக்கத்திலிருந்து வருவது. ஊகம் வரும் இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நடந்தது. இன்றைய ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 1913இல் ஜார்ஜியா டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாலைநேர வணிகப் பள்ளியாகத் தொடங்கியது. பகலில் அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து கணக்கியலும் வணிகமும் படிக்கும் இடம் அது. அதற்கென்று வளாகம் கிடையாது. நகர மையத்தில் கிடைத்த கட்டடங்களில் மாறி மாறிக் குடியிருந்தது. 1928இல் ஜார்ஜ் ஸ்பார்க்ஸ் பொறுப்பேற்றபின் பள்ளி வேகமாக வளர்ந்தது. 1945இல் அவருடைய முயற்சியில், ஐவி தெருவில் 1925இல் கட்டப்பட்ட பல தள நிறுத்தகம் வாங்கப்பட்டது. ஐவி தெரு நிறுத்தகம் என்றும் போலிங் ஜோன்ஸ் கட்டடம் என்றும் அதை அழைத்தார்கள்; அந்தத் தெருவுக்கு இன்று பீச்ட்ரீ சென்டர் அவென்யூ என்று பெயர். 1946இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. 1947இல் இந்தப் பள்ளி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் அட்லாண்டா பிரிவாக்கப்பட்டது. 1955இல் தனிக் கல்லூரியானது. 1969இல் பல்கலைக்கழகம் ஆனது. பள்ளியின் முதல் இயக்குநரான வெய்ன் கெல்லின் நினைவாக 1964இல் நிறுத்தகக் கட்டடத்துக்குக் கெல் ஹால் என்று பெயரிட்டார்கள். 2019இல் அதை இடிக்கத் தொடங்கி, அந்த இடத்தை வளாகத்தின் நடுவே புல்வெளியும் நடைபாதையுமாக மாற்றினார்கள்.

ஒரு கல்லூரி நிறுத்தகத்தை நாடிப் போனது ஏன் என்பதற்குக் காலத்தைப் பார்க்க வேண்டும். 1944 ஜூன் 22இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போரிலிருந்து திரும்புகிறவர் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தையும், தனி ஆளுக்கு மாதம் 50 டாலர், குடும்பம் உள்ளவருக்கு 75 டாலர் என்று பிழைப்புப் படியையும் அரசே தரும் என்றது. விளைவாக 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். இத்தனை பேரை உட்காரவைக்கக் கட்டடம் வேண்டும். ஆனால் கட்டத்தான் வழியில்லை. 1942 ஏப்ரல் முதல் அவசியமற்ற கட்டுமானத்துக்குப் போர்க்கால உற்பத்தி வாரியம் தடை போட்டிருந்தது. 1945 அக்டோபரில் தடை நீங்கியது என்று மூச்சு விடுவதற்குள், 1946 மார்ச்சில் புதிய உத்தரவு வந்துவிட்டது: மரம், செங்கல், இரும்பு எல்லாம் முன்னாள் வீரர்களின் வீடுகளுக்கே முதலில் போகவேண்டும், மற்ற கட்டடங்களுக்கு அனுமதி பெறவேண்டும் என்பது அதன் சாரம். நிற்கிற கட்டடத்தை வாங்கி உள்ளே தடுப்புச் சுவர் போடுவதுதான் கையில் இருந்த வழி. சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகம் 1946இல் ஏரிக்குள் நீண்டு நிற்கும் நேவி பியர் துறைமுகக் கட்டடத்தில் கிளை தொடங்கி 1965 வரை அங்கேயே நடத்தியது; அதே நகரத்தில் ரூஸ்வெல்ட் கல்லூரி 1946இல் பழைய ஆடிட்டோரியம் கட்டடத்தை வாங்கியது. அட்லாண்டாவில் நடந்தது தனி விந்தை அன்று.

நிறுத்தகம் விற்பனைக்குக் கிடைத்ததிலும் போருக்குப் பங்கு உண்டு என்பது என் ஊகம். 1942 பிப்ரவரியிலேயே பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றுவிட்டது. அதே ஆண்டில் தொடங்கிய பெட்ரோல் பங்கீடு 1945 ஆகஸ்ட் வரை நீடித்தது. காரை வெளியே எடுக்கவே யோசித்த காலத்தில் நகர மைய நிறுத்தகம் எவ்வளவு சம்பாதித்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கதையைப் பெருமையோடு சொல்பவர்கள் பலரும் விட்டுவிடுகிற ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. திரும்பி வந்த படைவீரர்களுக்குக் கதவு திறந்தது என்றால், வெள்ளையர்களுக்குத் திறந்தது என்று பொருள். கறுப்பின விண்ணப்பதாரர்களைத் தடுப்பதற்காகவே முன்னாள் மாணவர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். பார்பரா ஹன்ட், ஐரிஸ் மே வெல்ச், மைரா பேய்ன் எலியட் ஆகிய மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் 1959இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அதன் பிறகும் 1962இல்தான் முதல் கறுப்பின மாணவர் அங்கே சேர முடிந்தது.

இனி வலிமைக் கேள்வி. கார் கனமானது, மாணவர் இலேசானவர், ஆகவே நிறுத்தகத் தளம் வகுப்பறைக்கு மிகையான வலிமை கொண்டது என்பது பொதுவான எண்ணம். கணக்கு அப்படி வராது. ஒரு கார் 1,500 கிலோ என்று வைப்போம். அது நிற்கும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 120 கிலோ. வண்டி வந்து போகும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகும். சராசரி 50, 60 கிலோவுக்கு இறங்கிவிடும். மணியடித்ததும் வகுப்பிலிருந்து வெளியே வந்து தாழ்வாரத்தில் நெருக்கியடித்து நிற்கும் மாணவர்களை நினைத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ என்றாலே 280 கிலோ. இன்றைய அமெரிக்க விதி சிறு கார் நிறுத்தகத்துக்கும் வகுப்பறைக்கும் ஒரே சுமையைத்தான் கேட்கிறது: சதுர அடிக்கு 40 பவுண்டு, நம் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ. மேல்தளத் தாழ்வாரங்களுக்கு 80 பவுண்டும், தரைத்தளத் தாழ்வாரங்களுக்கு 100 பவுண்டும் வேண்டும். நூலகத்தில் புத்தக அடுக்குகள் நிற்கும் பகுதிக்கு 150 பவுண்டு, ஏறத்தாழ 730 கிலோ. நிறுத்தகத்தை நூலகமாக்க வேண்டும் என்று யாராவது வந்தால் முதலில் நான் கைநீட்டித் தடுப்பது இந்த ஓர் எண்ணை வைத்துத்தான்.

ஆனாலும் 1920களின் நிறுத்தகங்களுக்கு ஒரு சாதகம் இருந்தது. அக்கால விதிகள் பொதுவாக நிறுத்தகத் தளங்களுக்கு இன்று கேட்பதைவிட அதிகச் சுமையைக் கேட்டன. பொறியாளர்களும் கை தாராளமாகவே வடிவமைத்தார்கள். எதிர்ப்பக்கம், அன்றைய கான்கிரீட்டின் வலிமை பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அளவில்தான் இருக்கும், கம்பியின் நெகிழ்வெல்லை, அதாவது அது மீளாதபடி நீளத் தொடங்கும் அளவு, 33,000 பவுண்டு. இன்று நாம் பயன்படுத்தும் கம்பி அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தாங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல நிலையில் உள்ள 1925ஆம் ஆண்டு நிறுத்தகம் வகுப்பறைகளுக்குப் போதும், தாழ்வாரங்கள் எங்கே அமைகின்றன என்பதைப் பார்த்து வைக்கவேண்டும் என்பது என் எதிர்பார்ப்பாக இருக்கும். கெல் ஹால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களைச் சுமந்தது என்பதே அந்த எதிர்பார்ப்புக்குச் சான்று.

இன்னொரு சாதகம் இதைவிட முக்கியமானது; அதைக் கவனிக்காமல்தான் பலர் 1946இன் கதையை இன்றைய நிறுத்தகங்களுக்குப் பொருத்தப் பார்க்கிறார்கள். 1920களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்கள் மேற்கூரை இல்லாதவை அல்லது துணிக்கூரை போட்டவை. மழையும் பனியும் வண்ணத்தையும் இருக்கைத் தோலையும் கெடுக்கும். குளிரில் இயந்திரத்தைக் கிளப்புவதும் பெரும்பாடு. ஆகவே அக்கால நிறுத்தகம் நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, சன்னல் வைத்து, குளிர்ப் பகுதிகளில் வெப்பமூட்டும் ஏற்பாட்டோடு கட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகமா, கிடங்கா, நிறுத்தகமா என்று தெரியாதபடி முகப்பு வைப்பதும் வழக்கமாக இருந்தது. காரைப் பணியாளர் வாங்கி ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். ஆகவே சாய்தளத்தை ஓரிடத்தில் ஒதுக்கிவிட்டு மற்ற தளங்களைச் சமமாக வைக்க முடிந்தது. சுவர் இல்லாத திறந்த நிறுத்தகம் 1930களில் தலைகாட்டிப் போருக்குப் பிறகுதான் பரவியது. தளமே சாய்வாக அமைந்து, அந்தச் சாய்விலேயே கார்களை நிறுத்தும் முறை பெருகியதும் அதன் பிறகே. எனவே ஸ்பார்க்ஸ் வாங்கிய கட்டடம், நாம் இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைக்கிற கட்டடம் அன்று. கட்டமைப்பின் கண்ணால் பார்த்தால் அது சாய்தளம் சேர்ந்த ஒரு கிடங்குக் கட்டடம். கிடங்கு பள்ளியானதற்கு உலகம் முழுக்க உதாரணம் உண்டு.

அப்படியென்றால் சங்கடம் எங்கே? வெளிச்சத்தில் கொஞ்சம், உயரத்தில் கொஞ்சம், சாய்தளத்தில் நிறைய. நிறுத்தகம் அகலமானது, சன்னலோரத்திலிருந்து ஆறேழு மீட்டருக்கு அப்பால் பகல் வெளிச்சம் பயன்படும் அளவுக்குப் போகாது. நடுவில் அமையும் அறைகளுக்குச் சன்னலே இராது. ஆனால் இது மாலைநேரக் கல்லூரி என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை முடித்து வந்து விளக்கொளியில் படிக்கிறவர்களுக்குச் சன்னல் இல்லாத அறை அவ்வளவு பெரிய குறையாகப் பட்டிராது. நிறுத்தகம் இந்தக் கல்லூரிக்குப் பொருந்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். உயரமும் அப்படியே. காருக்குத் தேவையான உயரம் மனிதருக்கும் போதும். வெறும் விளக்கும் மின்விசிறியும் மட்டும் தொங்கும்வரை சிக்கல் இல்லை. குளிரூட்டும் காற்றுக் குழாய் வந்ததும் நிலைமை மாறும். பீமுக்குக் கீழே 40, 50 சென்டிமீட்டர் குழாய் ஓடி, அதற்குக் கீழே பொய்க்கூரையும் வந்தால் தலைக்கு மேல் எஞ்சுவது சொற்பம். கெல் ஹாலைப் பற்றிப் பேசிய மாணவர்கள் பலரும் தாழ்ந்த கூரையையும் சாய்தளத்தையும் சேர்த்தே குறை சொன்னார்கள்.

சாய்தளத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கெல் ஹாலில் கார் ஏறிய சாய்தளங்களை அப்படியே விட்டுவைத்தார்கள். கடைசிவரை மாணவர்கள் தளத்துக்குத் தளம் அவற்றில்தான் நடந்து போனார்கள். ஏன் அகற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். சாய்தளம் கட்டடத்தின் மேல் ஒட்டவைத்த பொருளாக இருப்பதில்லை. தூண்களோடும் பீம்களோடும் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். அதை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் புதுத் தளம் போடவேண்டும். அதுவரை பக்கத்துத் தூண்களுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் இராது, முட்டுக்கொடுக்க வேண்டும். புதுத் தளத்துக்கு இரும்பும் சிமென்டும் வேண்டும். 1946இல் அவை இரண்டும் கிடைக்காததால்தானே நிறுத்தகத்தையே வாங்கினார்கள்? தவிர, இலவசமாகக் கிடைத்த அகலமான மாடிப்படி என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்கும். நாற்காலி, மேசை, ஆய்வகச் சாமான் எல்லாவற்றையும் கைவண்டியில் வைத்து மேலே தள்ளிக்கொண்டு போகலாம்.

காருக்கான சாய்வு காலுக்கு ஒத்துவராது என்பது பிறகுதான் உறைக்கும். தளத்துக்குத் தளம் 3.3 மீட்டர் உயரம் என்று வையுங்கள். காருக்கு 15 விழுக்காடு சாய்வு சாதாரணம். 22 மீட்டர் நீளத்தில் ஏறிவிடும். 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளில் சாய்வு பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்பதற்கு மேல் போகக்கூடாது; அப்படியானால் அதே உயரத்துக்கு 40 மீட்டர் நீளம் வேண்டும். ஒவ்வொரு 76 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கும் சமதளமான நிற்குமிடம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர். ஆக 46 மீட்டர். காருக்கென்று வார்த்த சாய்தளத்தை எந்தப் பூச்சுப் பூசியும் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. அறைக்கதவு சாய்தளத்தின் மேல் திறந்தால் சிக்கல் இன்னும் நுணுக்கமாகிவிடும்: கதவின் ஒரு மூலை தரையில் உராயும், மறு மூலையில் இரண்டு விரல் இடைவெளி தெரியும்; சக்கர நாற்காலியில் வருபவர் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவை இழுக்கவேண்டியிருக்கும். இப்படிப்பட்ட கதவுகளுக்கு முன்னால் தரையைக் கொத்தி ஒரு சமதளத்தை உண்டாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது ஒப்பேற்றும் வேலை, தீர்வு அன்று.

தீ விஷயத்தில் சாய்தளம் இருமுனைக் கத்தி. படிக்கட்டில் தடுக்கி விழுவதுபோல் சாய்தளத்தில் கூட்டம் தடுக்கி விழாது; அகலமும் தாராளம். ஆனால் கதவும் சுவரும் போட்டு அடைக்காத சாய்தளம் எல்லாத் தளங்களையும் ஒரே காற்றறையாக இணைத்துவிடுகிறது. கீழே பிடித்த தீயின் புகை நேராக மேலே போகும். இது ஏட்டுப் பயம் அன்று. நிறுத்தகத்தில் வகுப்புகள் தொடங்கிய அதே 1946ஆம் ஆண்டில், அதே அட்லாண்டா நகர மையத்தில், டிசம்பர் 7ஆம் தேதி வைன்காஃப் ஓட்டலில் தீப்பிடித்து 119 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்துகொண்ட 15 மாடி ஓட்டல் அது. கட்டமைப்பு உண்மையில் எரியவில்லை. அடைப்பில்லாத ஒரே ஒரு படிக்கட்டு வழியாகப் புகையும் அனலும் மாடிமாடியாக ஏறின. அந்தத் தீக்குப் பிறகு நாடு முழுவதும் செங்குத்துத் திறப்புகளை அடைப்பது பற்றிய விதிகள் இறுகின. இன்று ஒரு நிறுத்தகத்தை மாற்றும் திட்டம் என்னிடம் வந்தால், சாய்தளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் இரு முனையிலும் தீத்தடுப்புக் கதவு வைக்க இடம் இருக்கிறதா என்பதைத் தூண்களின் வலிமையைப் பார்ப்பதற்கு முன்பே பார்ப்பேன்.

அடுத்தது தண்ணீர். நிறுத்தகத்தில் ஒன்றிரண்டு கழிப்பறைகளும் தரைநீர் போக வடிகாலும் இருந்தால் போதும். கல்லூரிக்குத் தளந்தோறும் கழிப்பறை வேண்டும். ஆய்வகம் என்றால் மேசைக்கு மேசை தண்ணீர், கழிவுக் குழாய், எரிவாயு, நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஸ்லாபில், அதாவது கான்கிரீட் தளத்தில், துளை போடவேண்டும். 1925ஆம் ஆண்டு ஸ்லாபில் துளை போடுவது முடியாத காரியம் இல்லை. கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துத் தூணுக்குத் தள்ளி, சிறிதாகப் போடலாம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குத் துளைத்துக்கொண்டே போனால், பழைய குழாய்களை அகற்றாமல் புதியதைப் பக்கத்தில் ஓட்டினால், சில பத்தாண்டுகளில் கூரைக்குக் கீழே எந்தக் குழாய் எதற்கு என்று யாருக்கும் தெரியாத நிலை வரும். வகுப்பறைகளுக்குச் சமாளித்த கெல் ஹாலில் பின்னாளில் அறிவியல் ஆய்வகங்களும் நடந்தன. என் கணிப்பில் அந்தக் கட்டடத்துக்குச் சற்றும் பொருந்தாத பயன்பாடு அதுதான். ஆய்வகத்துக்கு வேண்டியவை தளத்துக்குத் தளம் நிறைய உயரம், பெரிய காற்றுக் குழாய்கள், அதிராத தளம். நிறுத்தகத்தில் மூன்றுமே கஷ்டம்.

கான்கிரீட்டின் உடல்நிலை பற்றியும் கேட்பீர்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் கார் டயரோடு உப்பு உள்ளே வந்து ஸ்லாபுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். அங்கே நிறுத்தகங்கள் நாற்பது வயதிலேயே தளர்ந்துவிடுவதைப் பார்க்கலாம். அட்லாண்டாவின் பனி கொஞ்சம்தான். அந்தக் கட்டடம் கார்களைச் சுமந்ததும் இருபது ஆண்டுகள்தான். ஆகவே அங்கே உப்பைவிடக் காற்றிலுள்ள கரியமில வாயுவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அது மெல்ல மெல்லக் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டே உள்ளே போகும். கம்பியைத் தொட்டபிறகு துரு ஆரம்பிக்கும். இதைச் சோதிப்பது எளிது. ஸ்லாபின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். கணீரென்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று விழும். அங்கே சிறிது உடைத்து, தூசியை ஊதிவிட்டு, புதிதாகத் தெரியும் முகத்தில், காரம் பட்டால் நிறம் மாறும் பினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்போம். உள்பக்கம் பளிச்சென்று ஊதாவாகும், வெளிப்பக்கத்தில் ஒரு பட்டை நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தப் பட்டை கம்பியைத் தாண்டியிருந்தால் செலவு தொடங்கிவிட்டது என்று பொருள். நிறுத்தகத்தில் கூடுதலாக எண்ணெயும் பெட்ரோலும் ஊறிய தரை இருக்கும். அதன்மேல் புதுப்பூச்சு பிடிக்காது. தரைத்தளத்துக்குக் கீழே மறந்துபோன பெட்ரோல் தொட்டி கிடக்கிறதா என்றும் தோண்டிப் பார்க்கவேண்டும்.

ஏன் இடித்தார்கள் என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். கெல் ஹால் சுமை தாங்காமல் இடிக்கப்படவில்லை. தாழ்ந்த கூரை, சாய்தளம், வயதான குழாய்களும் காற்றோட்டமும் ஆகியவற்றைச் சரிசெய்து இன்றைய விதிக்குக் கொண்டுவர ஆகும் செலவு ஒரு பக்கம். வளாகத்தின் நடுவே திறந்தவெளி வேண்டும் என்ற திட்டம் மறுபக்கம். கல்லூரி நகர மையத்தில் கட்டடம் கட்டடமாக வாங்கி வளர்ந்ததால், ஒன்றோடொன்று ஒட்டிய சுவர்களுக்கு நடுவே மாணவர்கள் வந்து அமர ஒரு முற்றம்கூட இல்லாமல் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் நூலகத்தை ஒட்டி நின்ற கெல் ஹாலை எடுத்தால் அந்த முற்றம் கிடைக்கும். பழமையைக் காக்கவேண்டும் என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் ஒரு பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அந்தச் சாய்தளங்களில்தான் நடந்தது. இருந்தாலும் நான் அந்த இடத்தில் ஆலோசகனாக இருந்திருந்தால் இடிப்பதையே பரிந்துரைத்திருப்பேன். 1946இன் முடிவு அந்தக் காலத்துக்கு மிகச் சரியானது. அதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான ஏற்பாடாக வைத்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். கல்லூரி தனக்கென்று புதிதாகக் கட்டிய முதல் கட்டடம் 1955இல் பக்கத்திலேயே எழுந்தது, அதற்குத்தான் பிறகு ஸ்பார்க்ஸின் பெயரை வைத்தார்கள். ஆனால் இடநெருக்கடி தீராததால் பழையதைக் காலிசெய்ய முடியாமல், அதில் ஒவ்வொரு பத்தாண்டிலும் இன்னொரு பயனைத் திணித்துக்கொண்டே போனார்கள். நகரக் கல்லூரிகள் பலவற்றின் கதை இதுதான்.

இன்றைய நிறுத்தகங்களுக்கு வருவோம். 1960களுக்குப் பிறகு கட்டியவற்றில் தளமே சாய்வாக இருக்கும், 5 விழுக்காடு சாய்வில் மேசை போட்டால் பேனா உருண்டு போகும், சுவர் இராது, தலைக்கு மேல் 2.1 மீட்டர்தான் இருக்கும். பலவற்றில் ஸ்லாபுக்குள் இழுவிசையில் இறுக்கிய கம்பிவடங்கள் ஓடுகின்றன. குழாய்க்குத் துளை போடும்போது ஒரு வடம் அறுந்தால் அது தந்த பிடி போய்விடும். இவற்றைக் கல்லூரியாக்குவதைவிட இடித்துவிட்டுக் கட்டுவதே பல நேரங்களில் மலிவு. விதிவிலக்குகள் உண்டு. கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் 1949இல் கட்டிய ஒரு நிறுத்தகம் அண்மையில் குடியிருப்பாக மாறியது. குடியிருப்பாளர் தம் காரை வீட்டு வாசலுக்கே ஓட்டி வரலாம். அட்லாண்டாவிலேயே சவான்னா கலை வடிவமைப்புக் கல்லூரி 2014இல் தன் நிறுத்தகத்துக்குள் மூன்று குட்டி வீடுகளைச் செய்து வைத்துப் பரிசோதித்தது. சின்சினாட்டியில் 2015இல் முடிந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் நிறுத்தகத் தளங்களைச் சமமாகவும் உயரமாகவும் வைத்து, பின்னாளில் அலுவலகமாக மாற்றிக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டார்கள். இந்தக் கடைசி வழிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கட்டும்போது ஆகும் கூடுதல் செலவு பின்னாளில் மாற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறிது.

நீங்கள் கண்ணில் வைத்திருக்கும் குறிப்பிட்ட நிறுத்தகம் ஏதாவது இருந்தால், அது தாங்குமா என்று புகைப்படத்தைப் பார்த்து நானோ வேறு யாரோ சொல்ல முடியாது. ஆனால் பொறியாளரை அழைக்கும் முன் நீங்களே மூன்றைப் பார்த்துவிடலாம். கார் நிற்கும் தளம் சமமா சாய்வா என்று ஒரு ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். பீமின் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள், 2.7 மீட்டருக்குக் குறைந்தால் குளிரூட்டிய வகுப்பறையை மறந்துவிடலாம். பிறகு நகராட்சிக் கட்டட அலுவலகத்தில் மூல வரைபடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வரைபடம் கிடைத்துவிட்டால் சோதனைச் செலவு பெருமளவு குறையும். கிடைக்காவிட்டால் கம்பி எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று ஸ்லாபை ஊடுருவிப் பார்க்கும் கருவியோடு தளந்தளமாக அலைய வேண்டியிருக்கும், அதற்கே சில மாதங்களும் கணிசமான பணமும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.